முதல் வைல்ட்கேட் ரைபிள் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி: பிரெய்ரி டாக் வேட்டைக்கு ஒரு முழு வழிகாட்டி

வைல்ட்கேட் என்பது கடையில் பெட்டியாக வாங்க முடியாத தோட்டா. ஏற்கெனவே இருக்கும் ஒரு பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ, அதன் கீழே சரியும் தோளை மாற்றியோ நாமே செய்துகொள்வது. அமெரிக்காவில் தோட்டாக்களுக்கு அளவும் அழுத்த வரம்பும் வகுக்கும் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. அமைப்பின் பட்டியலில் அது இருக்காது. அதனால் அளவு, அழுத்தம், பெயர் எல்லாவற்றுக்கும் பொறுப்பு நம் தலையில்தான்.

சில வருடங்களாக அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில், பிரெய்ரி டாக் என்ற வளையில் வாழும் அணில் வகையைச் சுடுவதற்காக, நண்பர்கள் தங்கள் முதல் வைல்ட்கேட்டைக் கட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான். வேக எண்ணைப் பார்த்து மயங்கிக் குழலை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். அப்புறம்தான் கூட்டை வடிவாக்கும் டை என்ற அச்சு கிடைக்கவில்லை, குண்டு நிலைக்கவில்லை, கூடு தட்டுப்பாடு என்று ஒவ்வொன்றாகத் தெரியவருகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படியைக் கட்டிப்போடுவதால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

ஒரு சொல் விளக்கம்: இங்கே தோட்டா என்றால் முழுத் தோட்டா. குண்டு என்றால் பறந்து போகும் பகுதி மட்டும். மருந்து என்றால் வெடிமருந்து. காலிபர் என்றால் குண்டின் விட்டம்; .17, .20, .22 எல்லாம் தோராயமான அங்குலக் கணக்கு.

1. சட்டத்தையும் நிலத்தையும் முதலில் பாருங்கள்

இது அமெரிக்க விஷயம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இப்படியொரு வேட்டைக்கே இடமில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விசா நிலை. ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் நிலை எது என்று வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொண்ட பிறகு மட்டும் மேலே படியுங்கள்.

அடுத்தது விலங்கு. எல்லாப் பிரெய்ரி டாக்கும் சுடத்தக்கது அல்ல. யூட்டா பிரெய்ரி டாக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. தெற்கு டகோட்டாவின் கொனாட்டா பேசினில் கருங்கால் ஃபெரெட் என்ற அரிய சிறு விலங்கை மீட்டு வளர்க்கிறார்கள். அது பிரெய்ரி டாக்கைத் தின்றே வாழ்கிறது என்பதால் அங்கே சுடத் தடை. தனியார் பண்ணையில் சுடப் போனாலும் மாநில விதியையும் உரிமத்தையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

தோட்டா தேர்வில் சட்டத்தை ஏன் முதலில் வைத்தேன்? கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுக்கத் தடை. தரை அணிலுக்கும் அதேதான். ஈயமில்லாத குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும். நீளமான குண்டுக்கு வேகமான முறுக்குள்ள (உள்புரி சீக்கிரம் சுற்றும்) குழல் வேண்டும். ஆக, எந்த மாநிலத்தில் சுடப் போகிறீர்கள் என்பதே உங்கள் குழலைத் தீர்மானித்துவிடலாம். தடை இல்லாத இடத்திலும் எனக்கு ஈயமில்லாத குண்டே விருப்பம். சுட்ட விலங்குகள் வயலிலேயே கிடக்கின்றன, கழுகும் பருந்தும் வந்து ஈயத்தூளோடு சேர்த்துத் தின்கின்றன.

2. ஒரு வேட்டை நாளை எழுதிப் பாருங்கள்

மூன்று எண்கள் போதும்: எவ்வளவு தூரம், ஒரு நாளைக்கு எத்தனை தோட்டா, எந்த விலங்கு.

பிரெய்ரி டாக் எழுந்து நின்றால் சுமார் ஓர் அடி உயரம், மூன்று நான்கு அங்குல அகலம். அவை கூட்டமாக வளை தோண்டி வாழும் நல்ல வளையூரில் ஒரு நாளில் 200 தோட்டாவுக்கு மேல் செலவாகும். ஓநாய் இனத்துச் சிறு விலங்கான கொயோட்டியை வேட்டையாடுபவருக்கு ஒரு மாதத்துக்கே 10 தோட்டா ஆகாது. ஆனால் அவருக்குத் தோல் கிழியாமல் வேண்டும். இந்த இருவருக்கும் ஒரே தோட்டா பொருந்தாது. நண்பர் ஒருவர் கொயோட்டிக்காகப் பெரிய கூட்டில் .17 கட்டினார். அதையே பிரெய்ரி டாக் வயலுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். காலை பத்து மணிக்குள் குழல் தொட முடியாத சூடு. மீதி நாள் முழுக்க அது ஆறுவதற்குக் காத்திருந்தார்.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: குண்டு எங்கே விழுந்தது என்பதை, ரைபிள் மேலுள்ள ஸ்கோப் என்ற தொலைநோக்கியிலேயே நீங்கள் பார்க்க வேண்டுமா? சிறு காலிபரின் உண்மையான பலன் வேகம் அல்ல, இதுதான். பின்னுதைப்பு குறைவாக இருந்தால் ஸ்கோப் துள்ளாது. தவறிய குண்டு கிளப்பும் புழுதியை உங்கள் கண்ணாலேயே பார்த்து, காற்றுக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அடுத்த குண்டிலேயே திருத்தலாம். தனியாக வேட்டைக்குப் போகிறவருக்கு இது பெரிய விஷயம்.

3. கடைத் தோட்டாவே போதுமா என்று கேளுங்கள்

நேர்மையாகக் கேட்டால் பாதிப் பேர் இந்தப் படியிலேயே நின்றுவிடலாம்.

.22-250 பல காலம் வைல்ட்கேட்டாக இருந்து 1965-இல் ரெமிங்டன் மூலம் கடைக்கு வந்தது. .17 மாக் ஃபோர் என்ற வைல்ட்கேட்டின் வழியில்தான் 2007-இல் .17 ரெமிங்டன் ஃபயர்பால் வந்தது. துப்பாக்கி செய்பவரான ஆக்லி உருவாக்கிய .17 ஹார்னெட்டின் எண்ணத்தை எடுத்து ஹார்னடி 2012-இல் தன் .17 ஹார்னெட்டை வெளியிட்டது. .204 ரூகர் 2004-லிருந்து கிடைக்கிறது. வைல்ட்கேட்காரர்கள் தேடிய இடங்களில் பலவற்றைத் தொழிற்சாலைகள் நிரப்பிவிட்டன.

விநாடிக்கு 100 அடி கூடுதல் வேகத்துக்காக வைல்ட்கேட் கட்டாதீர்கள். 300 கெஜத்தில் அந்த வேறுபாட்டைப் பிரெய்ரி டாக்கும் உணராது, நீங்களும் உணர மாட்டீர்கள். நியாயமான காரணங்கள் மூன்று. எளிதில் கிடைக்கும் கூட்டைப் பயன்படுத்தலாம். குறைந்த மருந்தில் வேலையை முடித்துக் குழலின் ஆயுளைக் கூட்டலாம். கையிலிருக்கும் ரைபிளில் குழலைப் பின்னால் மூடும் போல்ட்டையும் தோட்டாக்களை அடுக்கும் மேகசினையும் மாற்றாமல் புதிய காலிபருக்குப் போகலாம். உங்கள் காரணம் இவற்றில் ஒன்று இல்லை என்றால் ஒரு .204 அல்லது .223 வாங்கி, மிச்சப் பணத்தைக் குண்டுக்கும் பயிற்சிக்கும் போடுங்கள்.

4. காலிபர்: 17, 20, 22

குண்டின் விட்டம் முறையே .172, .204, .224 அங்குலம்.

.17 இனிமையான காலிபர், ஆனால் முதல் வைல்ட்கேட்டுக்கு வேண்டாம். 20, 25 கிரெயின் (எடை அலகு) குண்டைச் சமவெளிக் காற்று எளிதாகத் தள்ளிவிடும். குழலில் செம்புப் படிவம் சேர்ந்தால் துல்லியம் சீக்கிரம் கெடும். சுத்தம் செய்ய மெல்லிய தனிக் கம்பி வேண்டும், அது வளைந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடு சிறியது என்பதால் மருந்தில் 0.1 கிரெயின் வித்தியாசம்கூட வேகத்தில் தெரியும். குறுகிய கழுத்தில் நீளமான மருந்துத் துகள் சிக்கி நிற்பதும் உண்டு.

.22-க்குக் குண்டு வகை மிக அதிகம், விலையும் குறைவு. பின்னுதைப்பு மட்டும் கொஞ்சம் கூடும்.

நான் சொல்வது .20. காரணத்தை ஓர் எண் காட்டும். ஹார்னடியின் வி-மேக்ஸ் குண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிரெயினில் .20-க்கு ஜி1 பாலிஸ்டிக் குணகம் .275, .22-க்கு .200. இந்த எண் கூடக் கூடக் காற்றைக் கிழித்துப் போவது எளிது. ஒரே எடை மெல்லிய உடலில் நீளமாக நிற்பதால் .20 காற்றைச் சுலபமாகக் கிழித்துப் போகிறது. .223-க்கு நெருக்கமான வேகத்திலேயே புறப்பட்டாலும் 300 கெஜம் தாண்டியபின் காற்றில் குறைவாக விலகும். கூடவே, அடி விழுவதை ஸ்கோப்பில் பார்க்கும் அளவுக்கு உதைப்பும் மெலிதாகவே இருக்கிறது.

5. குண்டை முடிவு செய்யுங்கள், பிறகு முறுக்கை

இங்கேதான் வரிசை அதிகமாகத் தவறுகிறது. முறுக்கு என்றால் குழலின் உள்புரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்று முடிக்கிறது என்பது. அதை எடை தீர்மானிப்பதில்லை, குண்டின் நீளமே தீர்மானிக்கிறது. எடை கூடினால் பொதுவாக நீளமும் கூடும் என்பதால் எடையைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஈயமில்லாத குண்டில் அந்தப் பழக்கம் ஏமாற்றிவிடும்.

.20-இல் ஈயம் உள்ள 32 முதல் 40 கிரெயின் குண்டுக்கு 12 அல்லது 11 அங்குல முறுக்கு போதும். 55 கிரெயின் நீள் குண்டு வேண்டுமானால் 9 அங்குலத்துக்கு அருகில் போக வேண்டும். ஈயமில்லாததற்கு, குண்டு செய்தவர் பெட்டியிலோ இணையதளத்திலோ சொல்லும் முறுக்கையே எடுங்கள். குளிர்ந்த, அடர்த்தியான காற்றில் குண்டு நிலைப்பது கடினம். கோடையில் மலைப்பகுதியில் நன்றாகப் போன குண்டு, குளிர்காலத்தில் தாழ்வான நிலத்தில் பக்கவாட்டில் திரும்பித் தாளைத் துளைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் எதற்கும் இருக்கட்டும் என்று வேகமான முறுக்கை வாங்கிவிடலாமா? வேண்டாம். விநாடிக்கு 4,000 அடியில் 12 அங்குல முறுக்கு ஒரு குண்டை நிமிடத்துக்கு 2,40,000 முறை சுழற்றும். 9 அங்குலம் 3,20,000 முறை சுழற்றும். சிறு விலங்குகளுக்கென்று மெல்லிய உறையோடு செய்யும் வார்மின்ட் குண்டு அந்தச் சுழற்சியில் இலக்கை அடையும் முன்பே காற்றில் சிதறிப்போகலாம்.

6. தாய்க்கூடு

குண்டும் முறுக்கும் முடிவானபின், அதை வேண்டிய வேகத்துக்குத் தள்ளும் மிகச் சிறிய கூட்டைத் தேடுங்கள். பெரிய கூட்டிலிருந்து அதிக மருந்து சிறு துளை வழியாகப் போனால், தோட்டா உட்காரும் சேம்பரை அடுத்த தொண்டைப் பகுதி எரிந்து தேயும். .22-250 கூட்டை .17-க்குச் சுருக்கினால் வேக எண் கண்ணைப் பறிக்கும். வளையூரில் அந்தக் குழல் சீக்கிரம் ஓய்ந்துவிடும்.

.20-இல் புதியவர் பார்க்க வேண்டியவை மூன்று.

.20 வார்டார்க்: .221 ஃபயர்பால் கூட்டின் கழுத்தைச் சுருக்கியது. சிக்கனமானது, குழல் மெதுவாகச் சூடாகும். நாள் முழுக்கச் சுடுபவருக்கு மிகப் பொருத்தம். ஆனால் தாய்க்கூடு எல்லாச் சமயத்திலும் கடையில் இருக்காது. .223 கூட்டை வெட்டியும் செய்யலாம். அப்படிச் செய்தால் கழுத்துச் சுவர் தடித்துவிடும், கடைந்து மெலிதாக்க வேண்டியிருக்கும்.

.20 டாக்டிகல்: .223 கூட்டிலிருந்து வருவது, தோள் 30 பாகை. நல்ல தோட்டா. ஆனால் தோளும் மாறுவதால் அதற்கென்றே டை வாங்க வேண்டும். ஒருமுறை சுட்ட பிறகுதான் கூடு சேம்பரின் வடிவுக்கு முழுதாக வரும்.

.20 பிராக்டிகல்: .223 கூட்டின் கழுத்தை மட்டும் .20-க்குச் சுருக்கியது, வேறெதுவும் மாறவில்லை. முதல் வைல்ட்கேட்டுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். .223 கூடு எங்கும் கிடைக்கும். சுட்டுச் சுட்டு வடிவம் கொண்டுவரும் வேலை இல்லை. தவறு செய்து 20 கூடு வீணானாலும் மனம் நோகாது.

ஆக்லி முறையில் 40 பாகைத் தோள் வைத்த கூடுகள் குறைவாக நீளும் என்பது உண்மை. ஆனால் எல்லாக் கூட்டையும் சுட்டுத்தான் வடிவாக்க வேண்டும், மேகசினிலிருந்து ஏறும்போது சில ரைபிள்களில் செங்குத்தான தோள் தட்டும். இரண்டாவது வைல்ட்கேட்டுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

7. உங்கள் ஆக்‌ஷனோடு ஒத்துப்போகிறதா

கூட்டின் விளிம்பைப் பிடிக்கும் போல்ட் முகத்தின் அளவைப் பாருங்கள். .223 குடும்பத்துக் கூட்டின் விளிம்பு .378 அங்குலம். .22-250, பிஆர் வகைக் கூடுகளுக்கு .473. இரண்டும் ஒன்றுக்கொன்று மாறாது. போல்ட்டையே மாற்ற வேண்டியிருந்தால் செலவு கூடும்.

.223 ரைபிளில் .20 பிராக்டிகலுக்குக் குழல் மட்டும் மாறினால் போதும். போல்ட், மேகசின் எல்லாம் அப்படியே இருக்கும். சாவேஜ் போன்ற ரைபிள்களில் குழல் ஒரு நட்டால் பிடிக்கப்பட்டிருக்கும். கோ, நோ-கோ கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸை, அதாவது சேம்பரில் கூட்டுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை, அளந்து மாட்டத் தெரிந்தவர் வீட்டிலேயே மாற்றலாம். தெரியாதென்றால் துப்பாக்கியைச் சீர்செய்யும் கன்ஸ்மித்திடம் போங்கள். ஹெட்ஸ்பேஸ் தவறினால் கூடு பின்பக்கம் கிழிந்து, சூடான வாயு முகத்தை நோக்கி வரும்.

8. டை, ரீமர், மாதிரித் தோட்டா

குழலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் டை கையில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியைப் பின்பற்றியிருந்தால் என் நண்பர் ஒருவருக்கு ஒரு முழு வேட்டைப் பருவம் மிச்சமாகியிருக்கும். ரைபிள் ஏப்ரலில் தயார், டை வந்தது செப்டம்பரில்.

.20 பிராக்டிகலுக்கு, கழுத்தை அழுத்தும் வளையமான புஷ்ஷிங்கை மாற்றக்கூடிய .223 டை ஒன்றும் சிறிய புஷ்ஷிங்குகள் இரண்டும் இருந்தால் கழுத்தைச் சுருக்கும் வேலை நடக்கும். டைக்குள் இருக்கும் .22 விரிப்பானைக் கழற்ற மறக்காதீர்கள். சுருக்கிய கழுத்தை அது திரும்ப விரித்துவிடும். புதியவர்கள் பலர் அரைநாள் விழித்தது இந்த இடத்தில்தான். குண்டைப் பொருத்தும் டை மட்டும் .20-க்கே உரியதாக இருக்கட்டும்.

அடுத்தது கழுத்தின் கணக்கு. குண்டு .204, கழுத்துச் சுவர் இரு பக்கமும் .012 என்றால் ஏற்றிய தோட்டாவின் கழுத்து .228 அங்குலம். சேம்பரின் கழுத்து அதைவிடக் குறைந்தது .003 பெரிதாக இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் கழுத்து விரிந்து குண்டை விட முடியாது, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். இறுக்கமான கழுத்து துல்லியம் தரும் என்று கேட்டு, சேம்பரை வெட்டும் ரீமரில் அதையே வாங்குகிறவர்கள் ஒவ்வொரு கூட்டையும் கடைய வேண்டிவரும். வயலில் 200 தோட்டா சுடும் ரைபிளுக்கு அது தேவையில்லை. கடையாத கூடு தாராளமாகப் போகும் ரீமரையே கேளுங்கள்.

பிறகு நீங்கள் தேர்ந்த குண்டை வைத்து, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டா ஒன்று செய்து கன்ஸ்மித்துக்குக் கொடுங்கள். குண்டின் அடி, கழுத்தும் தோளும் சேரும் இடத்துக்குக் கீழே இறங்காதபடி தொண்டையை அவர் வெட்டுவார். மேகசினில் அடங்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

9. முதல் 20 கூடு

ஒரே நிறுவனம், ஒரே முத்திரை கொண்ட 20 கூடுகள் மட்டும் எடுங்கள். சுடுதளத்தில் பொறுக்கிய கலவை வேண்டாம். கூட்டுக்குக் கூடு உட்கொள்ளளவு மாறும், அதோடு அழுத்தமும் மாறும். ராணுவ வகைக் கூட்டில் சுவர் தடிமன் இருக்கலாம், பிரைமர் குழியும் நசுக்கிப் பிடித்திருக்கும்.

எண்ணெய் தடவி, கழுத்தை இரண்டு படியாகச் சுருக்குங்கள். ஒரே இழுப்பில் சுருக்கினால் கழுத்து மடங்கும் அல்லது ஒரு பக்கமாகச் சாயும். ஒவ்வொரு கூட்டையும் நீளம் அளந்து வெட்டுங்கள். நீண்ட கழுத்தின் வாய் சேம்பரின் முனையில் இடித்துக் குண்டைக் கவ்விக்கொள்ளும். கழுத்தின் அடியில் உள்பக்கம் மோதிரம்போலத் தடிப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தோளின் தடித்த பித்தளை கழுத்துக்குள் வருவதால் அது உண்டாகிறது. குண்டின் அடி அதைத் தொடாவிட்டால் பிரச்சினை இல்லை.

இந்த 20-உம் சேம்பரில் தடையின்றிப் போய் வந்தபிறகே அடுத்த 200-ஐத் தொடுங்கள்.

10. மருந்தளவு

இங்கே எந்த எண்ணும் தரமாட்டேன். நண்பர் சொன்னார் என்று நீங்களும் எந்த எண்ணையும் எடுக்காதீர்கள். ஒரே பெயருள்ள வைல்ட்கேட் இரண்டு ரீமர்களில் இரண்டு சேம்பராக இருக்கும். குண்டு, மருந்து நிறுவனங்கள் வெளியிட்ட அட்டவணை உங்கள் தோட்டாவுக்கு இருந்தால் அதன் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். அட்டவணையே இல்லாத தோட்டா முதல் வைல்ட்கேட்டாக வேண்டாம்.

.204 ரூகரின் அட்டவணையை .20 பிராக்டிகலுக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் ஆபத்தான தவறு. குண்டு ஒன்றுதான். ஆனால் .204-இன் கூடு பெரியது. அதே மருந்தைச் சிறிய கூட்டில் போட்டால் அழுத்தம் எகிறும்.

குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் இல்லாமல் இந்தப் படிக்கு வராதீர்கள். பிரைமர் தட்டையாவது, போல்ட் கனப்பது போன்ற அடையாளங்கள் தெரியும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கலாம். எதிர்பார்த்ததைவிட வேகம் கூடினால், மற்ற எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் நிறுத்திக் குறையுங்கள். அந்த வேகம் எங்கிருந்தோ இலவசமாக வரவில்லை.

11. பெயர் எழுதுங்கள், எல்லா இடத்திலும்

உங்கள் கூட்டின் அடியில் இன்னும் .223 என்றுதான் முத்திரை இருக்கும். உள்ளே இருப்பது .20. அந்தத் தோட்டா .223 சேம்பரில் போய் வெடிக்கவும் செய்யும். குண்டு குழலில் பிடிமானமே இல்லாமல் போகும், கழுத்து கிழியும். எதிர்த் திசையில் .223 தோட்டா .20 சேம்பருக்குள் முழுதாகப் போகாது. போகாததை அடித்து மூடப் பார்ப்பதுதான் அங்கே விபரீதம்.

ஒருமுறை வயலில் இரண்டு ரைபிள்கள் ஒரே மேசையில் இருந்தன. ஒரு .20 தோட்டா .223 பெட்டிக்குள் கிடந்ததை எடுத்தபோது குண்டு மெலிதாக இருந்ததால்தான் கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இது: குழலின் மேல் காலிபரைப் பொறிக்க வேண்டும், பெட்டிகள் வேறு நிறத்தில் இருக்க வேண்டும், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு காலிபர் மட்டும்.

12. வயலில் முதல் நாள்

100 கெஜத்தில் ஸ்கோப்பைச் சரிசெய்து, 200, 300 கெஜத்தில் தாளில் சுட்டு, உண்மையில் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டபின் வளையூருக்குப் போங்கள். கணினிக் கணக்கு உங்கள் குழலைப் பார்த்ததில்லை.

இரண்டு ரைபிள்களை எடுத்துப் போய் மாற்றி மாற்றிச் சுடுங்கள். குழலைக் கையால் பிடித்திருக்க முடியாத சூடு வந்தால் அதை வைத்துவிட்டு மற்றதை எடுங்கள். சூடான சேம்பரில் தோட்டாவை ஏற்றிய நிலையில் காத்திருக்காதீர்கள். மருந்து சூடேறினால் அழுத்தமும் குண்டு விழும் இடமும் மாறும். சுட்ட எண்ணிக்கையைக் குழல்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். துல்லியம் குறையத் தொடங்கும் நாளில், தேய்ந்தது தொண்டையா அல்லது சேர்ந்தது செம்புப் படிவமா என்று பார்க்க அந்த நோட்டு உதவும்.